கோடு போடத் தெரிந்தால் மட்டும் போதுமா?

கட்டிடக் கலை படிப்பவர்கள் ஐந்து வருடம் கோடு போடக் கற்றுக்கொள்கிறார்கள். ப்ளான், எலிவேஷன், செக்‌ஷன், மாடல் என்று ராத்திரி பகலாக உழைக்கிறார்கள். கடைசியில் இன்டர்வியூ வருகிறது. போர்ட்ஃபோலியோவைப் புரட்டிப் பார்க்கச் சில நிமிடங்கள், மீதி நேரம் முழுக்கப் பேச்சு. அங்கே தான் பல பேர் தடுமாறுகிறார்கள். நன்றாக வரைபவனுக்கு வேலை கிடைக்காமல், சுமாராக வரைபவனுக்குக் கிடைத்துவிட்டால் வகுப்பே புலம்புகிறது.

இதற்கு இப்போது 'ஸாஃப்ட் ஸ்கில்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் மென்திறன்கள். பெயர் தான் புதுசு, விஷயம் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழசு!

புடவை வாங்கப் போனால் விரித்துக் காட்டுகிறார்கள். தொட்டுப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். கட்டிடம் அப்படி இல்லை. கட்டிடக் கலைஞர் விற்பது இன்னும் உலகத்திலேயே இல்லாத ஒரு பொருளை! அதற்குப் பெரும் பணத்தை ஒருவர் முதலிலேயே நம்பிக் கொடுக்க வேண்டும். அந்த நம்பிக்கையை எப்படி வாங்குவது? வரலாற்றில் பல பேர் பல விதமாக முயன்றிருக்கிறார்கள். சிலர் ஜெயித்தார்கள், சிலர் அடிபட்டுக் கற்றுக்கொண்டார்கள்.

சிங்கத்தோல் போர்த்திய இன்டர்வியூ

கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்தவர் விட்ருவியஸ். கட்டிடக் கலை பற்றிப் பத்துப் புத்தகங்கள் எழுதி அகஸ்டஸ் சக்கரவர்த்திக்குச் சமர்ப்பித்தவர். இரண்டாவது புத்தகத்தின் முன்னுரையில் அவர் ஒரு கதை சொல்கிறார்.

மாசிடோனியாவைச் சேர்ந்த டினோகிராட்டீஸ் என்ற கட்டிடக் கலைஞருக்கு அலெக்சாண்டரிடம் வேலை பார்க்க ஆசை. ஊரில் உறவினர்களிடமும் நண்பர்களிடமும் சிபாரிசுக் கடிதங்கள் வாங்கிக்கொண்டு கிளம்பினார். படைமுகாமில் பெரிய அதிகாரிகள் அவரை மரியாதையாக வரவேற்றார்கள், "நேரம் வரும்போது சொல்கிறோம்" என்ற மாதிரி இழுத்தடித்தார்கள். நாட்கள் போயின. சிபாரிசு என்றால் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே கதை தான் போலிருக்கிறது!

டினோகிராட்டீஸ் பொறுமை இழந்தார். நல்ல உயரம், நல்ல தோற்றம் உள்ளவர். உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, தலையில் இலைக் கிரீடம் வைத்து, இடது தோளில் சிங்கத்தோல் போர்த்தி, கையில் கதாயுதத்தோடு ஹெர்குலிஸ் வேஷத்தில் அலெக்சாண்டரின் சபைக்குள் நடந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அலெக்சாண்டரும் பார்த்தார், அருகே கூப்பிட்டார்.

கிடைத்த வாய்ப்பில் டினோகிராட்டீஸ் தன் யோசனையைச் சொன்னார். ஆத்தோஸ் மலை முழுவதையும் ஒரு மனித உருவமாகச் செதுக்க வேண்டும். அந்த உருவத்தின் இடது கையில் ஒரு நகரம், வலது கையில் மலையின் ஆறுகள் எல்லாம் வந்து சேரும் ஒரு பெரிய கிண்ணம்!

அலெக்சாண்டருக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. அந்த நகரத்து மக்களுக்குத் தானியம் விளைய, சுற்றிலும் வயல்கள் இருக்கின்றனவா? இல்லை, கடல் வழியாகத் தான் கொண்டுவர வேண்டும் என்றார் டினோகிராட்டீஸ். அவ்வளவு தான், திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் ஆளை அலெக்சாண்டர் விடவில்லை. தன்னோடு வைத்துக்கொண்டார். பிற்பாடு எகிப்தில் அலெக்சாண்ட்ரியா நகரத்தை அமைக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது.

இங்கே இரண்டு விஷயம் இருக்கிறது. வேஷம் கதவைத் திறந்தது, ஆனால் திட்டத்தைக் காப்பாற்றவில்லை. வேலை கொடுப்பவர் எதைப் பற்றிக் கவலைப்படுவார் என்று முன்கூட்டியே யோசிக்காதவருக்கு எவ்வளவு பெரிய கற்பனையும் கை கொடுக்காது.

கதையைச் சொல்லிவிட்டு விட்ருவியஸ் தன் நிலைமைக்கு வருகிறார். தனக்கு உயரம் இல்லை, வயதால் முகம் மாறிவிட்டது, நோயால் பலம் போய்விட்டது, அதனால் அறிவையும் எழுத்தையும் நம்புகிறேன் என்கிறார். இன்னொரு இடத்தில், வேலை கேட்டு அலைவது கௌரவம் இல்லை, கேட்கப்பட்டுத் தான் வேலையை ஏற்க வேண்டும் என்று தன் ஆசிரியர்கள் சொல்லிக் கொடுத்ததாகவும் எழுதுகிறார். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஆறுதலான ஆள்! அவர் தான் கட்டியதாகச் சொல்லும் கட்டிடம் ஃபானோ நகரத்து பஸிலிக்கா ஒன்று தான். அதுவும் இன்று இல்லை. ஆனால் புத்தகம் இருக்கிறது. பேச வராதவர் எழுதியே ஜெயித்தார் என்பதும் ஒரு மென்திறன் தானே.

ஃபிளாரன்ஸ், 1401: ஒரு போட்டி, இரண்டு இளைஞர்கள்

இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் 1401-ல் ஒரு போட்டி அறிவித்தார்கள். ஞானஸ்நான மண்டபத்துக்கு வெண்கலக் கதவுகள் செய்ய வேண்டும். நடத்தியது கலிமாலா என்ற துணி வியாபாரிகள் சங்கம். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலி கொடுக்கப் போகும் காட்சியை எல்லோரும் ஒரு வெண்கலப் பலகையில் செய்து காட்ட வேண்டும். ஒரு வருடம் டைம். ஏழு பேர் களத்தில் இருந்தார்கள். கடைசியில் நின்றவர்கள் இருவர். ஃபிலிப்போ புருனெல்லெஸ்கி, லொரென்சோ கிபெர்டி. இருவருக்குமே வயது இருபதுகளில்.

இருவரும் வேலை செய்த விதத்தைப் பழைய வரலாற்று ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். புருனெல்லெஸ்கி கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வேலை செய்தார், யாருக்கும் காட்டவில்லை. கிபெர்டி நேர் எதிர். பட்டறைக்கு வந்தவர்களிடம் எல்லாம் மெழுகு மாதிரியைக் காட்டினார். சிற்பிகளையும் பொற்கொல்லர்களையும் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார். குறை சொன்னால் மெழுகை உருக்கி மறுபடி செய்தார். தீர்ப்பு நாள் வருவதற்குள், தீர்ப்புச் சொல்லும் ஊருக்கே அவர் வேலை பழகிப் போயிருந்தது.

கிபெர்டி ஜெயித்தார். பேச்சால் மட்டும் ஜெயித்தார் என்று சொன்னால் அது அநியாயம். அவருடைய பலகை ஏறக்குறைய ஒரே வார்ப்பாக இருந்தது, எடை குறைவு, வெண்கலச் செலவு குறைவு. புருனெல்லெஸ்கி உருவங்களைத் தனித்தனியாகச் செய்து பலகையில் பொருத்தியிருந்தார், எடை அதிகம். வியாபாரிகள் சங்கத்துக்கு இந்தக் கணக்கு புரியாமல் இருக்குமா?

முடிவு எப்படி வந்தது என்பதில் தகராறு உண்டு. எல்லோரும் ஒருமனதாகத் தன்னையே தேர்ந்தெடுத்தார்கள் என்று கிபெர்டி தன் குறிப்புகளில் எழுதினார். இருவரும் சேர்ந்து செய்யுங்கள் என்று நடுவர்கள் சொன்னதாகவும், புருனெல்லெஸ்கி மறுத்துவிட்டதாகவும் மானெட்டி எழுதினார். இவர் புருனெல்லெஸ்கியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர், அவர் பக்கம் தான் சாய்வார். எப்படி இருந்தாலும் கதவு வேலை கிபெர்டிக்குப் போனது. 1424 வரை அந்த வேலை நடந்தது. தோற்றவர் ரோமுக்குப் போய்ப் பழைய இடிபாடுகளை அளந்துகொண்டிருந்தார்.

1418: முட்டையும் பைத்தியக்காரப் பட்டமும்

அதே ஊரில் இன்னொரு பெரிய சிக்கல் இருந்தது. 1296-ல் தொடங்கிய பேராலயத்துக்குக் கூரை நடுவில் கும்மட்டம் வைக்க வேண்டும். எண்கோண வடிவ ஓட்டை, குறுக்களவு 40 மீட்டருக்கும் அதிகம், அதுவும் தரையிலிருந்து 50 மீட்டருக்கு மேல். வளைவு கட்ட வேண்டும் என்றால் முதலில் கீழே மரத்தால் சென்ட்ரிங் அடிக்க வேண்டும். இவ்வளவு பெரிய கும்மட்டத்துக்கு சென்ட்ரிங் அடிக்க மரத்துக்கு எங்கே போவது? அந்த மரம் தன் எடையைத் தானே தாங்குமா?

1418 ஆகஸ்டில் போட்டி அறிவித்தார்கள். பரிசு 200 தங்க ஃப்ளோரின். விதவிதமான யோசனைகள் வந்தன. ஆலயத்துக்குள் மண்ணைக் கொட்டி நிரப்பி அதன் மேல் கட்டலாம், மண்ணில் காசுகளைக் கலந்துவிட்டால் பிறகு ஜனங்களே வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று கூட ஒருவர் சொன்னதாக வசாரி எழுதுகிறார்!

புருனெல்லெஸ்கி, சென்ட்ரிங்கே இல்லாமல் கட்டுகிறேன் என்றார். எப்படி என்று கேட்டார்கள். சொல்ல மறுத்தார். தன் யோசனையை இன்னொருவன் திருடிவிடுவான் என்ற பயம். கேட்டவர்களுக்கு எப்படி இருக்கும்? ஊர்ப் பணம், ஊர்க் கோயில், கீழே நிற்கப் போவது தங்கள் பிள்ளைகள். "என்னை நம்புங்கள்" என்றால் போதுமா? வாக்குவாதம் முற்றி, காவலாட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டார்களாம். தெருவில் நடந்தால் பைத்தியம் என்று கை காட்டுவார்களோ என்று அவரே கூசியதாக வசாரி சொல்கிறார்.

பிரபலமான முட்டைக் கதையும் இங்கே தான் வருகிறது. பளிங்குக் கல் மேல் முட்டையை யார் நிமிர்த்தி நிற்க வைக்கிறாரோ அவரே கும்மட்டம் கட்டட்டும் என்றார் புருனெல்லெஸ்கி. யாராலும் முடியவில்லை. அவர் முட்டையின் அடியை லேசாகத் தட்டி உடைத்து நிற்க வைத்தார். "இது எங்களுக்கும் தெரியுமே" என்றார்கள். என் மாதிரியைப் பார்த்தால் கும்மட்டமும் அப்படித் தான் தெரியும் என்றாராம். நடந்ததோ இல்லையோ, ஆளின் குணம் இதில் தெரிகிறது. சாமர்த்தியமான பதில் தான். ஆனால் அந்தப் பதில் ஒரு குழுவை வாயடைக்கும், குழுவின் பயத்தைப் போக்காது.

தோற்றவர் மாறிய விதம்

1401-ல் தோற்ற அதே இடத்துக்கு வந்து நின்றார் புருனெல்லெஸ்கி. இந்த முறை ரோமுக்குப் போகவில்லை. வழியை மாற்றினார்.

முதலாவது, கூட்டத்தில் பேசுவதை விட்டுவிட்டு ஒவ்வொருவராகத் தனித்தனியே பார்க்க ஆரம்பித்தார். இன்று ஒரு அதிகாரி, நாளை ஒரு கண்காணிப்பாளர், அடுத்து ஊர்ப் பெரியவர்கள். திட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் காட்டிப் பேசினார். கூட்டத்தில் கத்தும் மனிதர் தனியாக உட்கார்ந்தால் கேள்வி கேட்பார், கேள்வி வந்தால் பதில் சொல்லலாம்.

இரண்டாவது, கட்டியே காட்டினார். டொனாடெல்லோ, நன்னி டி பாங்கோ என்ற இரண்டு சிற்பிகளின் உதவியோடு செங்கல்லில் ஒரு பெரிய மாடல், சென்ட்ரிங் இல்லாமல். அது போக, ஊரில் ஒரு சிறிய தேவாலயத்தின் சிற்றறைக்கு மேல் அதே முறையில் குட்டிக் கும்மட்டம் ஒன்று கட்டியதாக மானெட்டி எழுதுகிறார்.

மூன்றாவது, வேலை முறையைப் பன்னிரண்டு அம்சங்களாக எழுத்தில் கொடுத்தார்.

1420-ல் வேலை கொடுத்தார்கள். ஆனால் தனியாக அல்ல, சமமான சம்பளத்தில் கூடவே இன்னொருவர். யார் தெரியுமா? கிபெர்டி! பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் சேர்ந்து செய்ய மறுத்ததாகச் சொல்லப்படும் அதே ஆளோடு இப்போது சேர வேண்டிய நிலை. புருனெல்லெஸ்கிக்குக் கோபம் வந்தது, ஆனாலும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதால் தான் கும்மட்டம் பிறந்தது.

வேலை தொடங்கிய பிறகு அவருடைய வேறு முகம் தெரிகிறது. கல்லை எப்படி வெட்ட வேண்டும் என்று கொத்தனார்களுக்குப் புரிய வைக்க மெழுகிலும் களிமண்ணிலும் மாதிரி செய்தார், கையில் எதுவும் கிடைக்காதபோது பெரிய டர்னிப் கிழங்கைச் செதுக்கிக் காட்டினார். ஒரு காலத்தில் யாருக்கும் எதையும் காட்டாத மனிதர்! சாப்பிட அவ்வளவு உயரம் இறங்கி ஏறுவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது என்று மேலேயே சாப்பாட்டுக் கடை வைக்க ஏற்பாடு செய்தார்.

அவர் மகாத்மா ஒன்றும் இல்லை. முக்கியமான கட்டத்தில் உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டு, "கிபெர்டி இருக்கிறாரே, கேளுங்கள்" என்று விட்டு, அவருக்கு வேலை தெரியாது என்பதை ஊருக்குக் காட்டினாராம். கூலி கேட்டுச் சண்டை போட்டவர்களை நிறுத்திவிட்டு வெளியூர் ஆட்களை வைத்து, பிறகு குறைந்த கூலிக்குப் பழையவர்களைத் திரும்ப எடுத்தார் என்றும் கதை உண்டு. இதையெல்லாம் மென்திறன் என்று சொல்ல முடியாது, தந்திரம் என்று தான் சொல்ல வேண்டும். 1426-ல் அவர் சம்பளம் வருடத்துக்கு 100 ஃப்ளோரின் ஆனது, கிபெர்டிக்குப் பழைய 36 தான். 1436-ல் கும்மட்டம் மூடப்பட்டது. இன்றும் நிற்கிறது.

பூங்கொத்து வைத்த அலுவலகம்

ஐந்து நூற்றாண்டு தாண்டி அமெரிக்கா. ஜனாதிபதி கென்னடி 1963-ல் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அவர் நினைவாக ஒரு நூலகம் கட்ட முடிவு செய்தார்கள். கட்டிடக் கலைஞரைத் தேர்வு செய்யும் பொறுப்பில் அவர் மனைவி ஜாக்குலின் இருந்தார். பட்டியலில் மீஸ் வான் டெர் ரோ, லூயி கான் போன்ற ஜாம்பவான்கள். கூடவே ஐ. எம். பெய். சீனாவில் பிறந்தவர், வயது 47. ரியல் எஸ்டேட் நிறுவனத்தில் குடியிருப்புகளும் அலுவலகங்களும் வரைந்து வந்தவர். பெரிய நினைவுச் சின்னம் என்று காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை.

ஜாக்குலின் வரும் நாளுக்கு முன் பெய் தன் அலுவலகத்துக்கு வெள்ளையடித்து, வரவேற்பறையில் பூங்கொத்து வைத்தார் என்று சொல்வார்கள். பூவுக்காக யாரும் நூலகத்தைக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் வருபவர் கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண் என்பதை அவர் மறக்கவில்லை. எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே தீர்வை வைத்துக்கொண்டிருக்கும் ஆள் அல்ல இவர், ஒவ்வொரு வேலையையும் புதிதாக யோசிக்கிறார் என்பது ஜாக்குலினுக்குப் பிடித்திருந்தது. அறிவால் எடுத்ததை விட மனதால் எடுத்த முடிவு என்று அவரே பின்னால் சொன்னார். 1964 டிசம்பரில் பெய் தேர்வானார். முதலில் நினைத்த இடத்தில் அக்கம்பக்கத்தார் எதிர்த்ததால் இடமே மாறி, நூலகம் 1979-ல் தான் திறந்தது. பதினைந்து வருடப் பொறுமையும் அந்த வேலையின் ஒரு பகுதி!

அதே பெய்யிடம் 1983-ல் பிரான்ஸ் ஜனாதிபதி மித்தரான், பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தைச் சீரமைக்கக் கேட்டார். பெய் உடனே தலையாட்டவில்லை. சில மாதம் அவகாசம் கேட்டு, சத்தமில்லாமல் லூவ்ருக்குப் பல முறை போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தான் சம்மதித்தார். அரண்மனை முற்றத்தில் கண்ணாடிப் பிரமிடு என்றதும் பாரிஸ் கொதித்தது. 1984-ல் வரலாற்றுச் சின்னங்கள் குழுவின் முன் அவர் விளக்கப் போனபோது, அங்கே வந்த வசவுகளை மொழிபெயர்க்க முடியாமல் மொழிபெயர்ப்பாளரே கலங்கிப் போனாராம்.

புருனெல்லெஸ்கி முதலில் செய்த தவறை பெய் செய்யவில்லை. 1985-ல், அப்போதைய மேயர் ஷிராக் கேட்டுக்கொண்டபடி, முற்றத்தில் கிரேன் வைத்துக் கம்பிவடங்களால் பிரமிடின் உருவத்தை முழு அளவில் நிறுத்திக் காட்டினார்கள். சுமார் 60,000 பேர் வந்து பார்த்தார்கள். இவ்வளவு தானா உயரம், அரண்மனையை மறைக்கவில்லையே என்று கண்ணால் கண்ட பிறகு எதிர்ப்பு தணிந்தது. 1989-ல் பிரமிடு திறக்கப்பட்டது.

கையெழுத்தில் ஒரு விண்ணப்பம்

இவர்கள் எல்லாம் பெரிய ஆட்கள். அப்போது தான் படிப்பை முடித்த, யாரையும் தெரியாத ஒரு இந்திய மாணவன் என்ன செய்வான்?

1951-ல் இங்கிலாந்தின் ஹாட்ஸ்டன் என்ற ஊரில் நவீன கட்டிடக் கலைஞர்களின் சர்வதேச மாநாடு நடந்தது. புனேயில் பிறந்து, பம்பாயில் படித்து, லண்டனுக்கு வந்திருந்த பாலகிருஷ்ண தோஷி அங்கே போனார். அப்போது லெ கார்பூசியே சண்டிகர் நகரத்தை வடிவமைக்கத் தொடங்கியிருந்தார். அதைப் பற்றி விசாரித்த தோஷி, அங்கே வேலைக்குச் சேர முடியுமா என்றும் கேட்டார். கைப்பட எழுதி விண்ணப்பம் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினார். வரலாம், ஆனால் முதல் எட்டு மாதம் சம்பளம் கிடையாது என்று பதில் வந்தது. பிரெஞ்சு தெரியாது, கையில் காசு கிடையாது. போனார்.

சம்பளம் இல்லாமல் உழைப்பதைப் பெருமையாகச் சொல்ல வேண்டியதில்லை. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளால் அது முடியாது, இன்றைக்கு அதை யாரும் கேட்கவும் கூடாது. தோஷியிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. கேட்கத் தயங்காத வாய், தெரியாத இடத்தில் தெரியாததை ஒப்புக்கொண்டு கற்றுக்கொள்ளும் மனசு. சில வருடத்தில் லெ கார்பூசியேயின் அகமதாபாத் கட்டிடங்களை மேற்பார்வை பார்க்க அவரே இந்தியா திரும்பினார்.

1962-ல் அகமதாபாத் ஐ.ஐ.எம். வளாகத்தை வடிவமைக்கும் வாய்ப்பு தோஷியைத் தேடி வந்தது. அவர் அதை லூயி கானுக்குக் கொடுக்கச் சொன்னார். கென்னடி நூலகப் பட்டியலில் இருந்த அதே கான் தான். தன்னை விடப் பொருத்தமான ஆளைச் சொல்லிவிட்டு, அவரோடு சேர்ந்து தானும் வேலை செய்தார். செங்கல்லில் அந்த வட்ட வளைவுகளைப் பார்க்க இன்றும் மாணவர்கள் வருகிறார்கள். 2018-ல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர் ஆனார் தோஷி. 2023-ல் மறைந்தார்.

கடைசியாக...

இத்தனை கதையிலும் யாரும் அடுக்குமொழி பேசியதால் மட்டும் வேலை வாங்கவில்லை. எதிரில் இருப்பவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் வாங்கினார்கள். அலெக்சாண்டருக்குத் தானியக் கவலை, ஃபிளாரன்ஸ்காரர்களுக்குக் கும்மட்டம் விழுந்துவிடுமோ என்ற கவலை, பாரிஸ்காரர்களுக்கு அரண்மனை மறைந்துவிடுமோ என்ற கவலை. அந்தக் கவலைக்குப் பதில் சொல்வது வரைவதற்குச் சமமான ஒரு வேலை. பேச்சு வராதவர்கள் பயப்பட வேண்டாம். செங்கல்லிலோ, கிழங்கிலோ, கையெழுத்திலோ அந்தப் பதிலைச் சொல்லலாம்.

1401-ல் செய்த அந்த இரண்டு வெண்கலப் பலகைகளும் ஃபிளாரன்ஸின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எது சிறந்தது என்று இன்றும் பார்ப்பவர்கள் வாதம் செய்கிறார்கள். வாதம் முடிந்து வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால், கூரைகளுக்கு மேலே தோற்றவருடைய கும்மட்டம் தெரிகிறது!